வாழ்த்துச் சொன்ன எலும்புக்கூடு

கோர்ட் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற வீரமலை, இரண்டாவது காபி உள்ளே போகாமல் யார் வழக்கையும் காதில் வாங்க மாட்டார். அந்த வியாழக்கிழமை வாங்கினார். ஸ்ரீரங்கத்துக்கு முதல் பஸ் பிடித்து வந்திருந்த அக்னஸ், காபி வரும்வரை பொறுப்பதாக இல்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் பெண். மேலப்புதூரில் வீடு, விதவைத் தாய்க்கு ஒரே மகள். செப்டம்பர் பத்தாம் தேதி ரயில்வே கிளார்க் விக்டருக்கும் அவளுக்கும் கல்யாணம். தடை உண்டா என்று கேட்டு மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று. வரும் ஞாயிறு மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் தடை சொல்ல ஆளில்லை.

"அந்த ஓலையை நிறுத்துன்னு அம்மா ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க சார். தபால்ல இது வந்துச்சு," என்று இரண்டு சீட்டுகளை வைத்தாள்.

தென்னூரில் சைக்கிள் கடை வைத்துக்கொண்டு, கடையைத் தவிர எல்லா இடத்திலும் இருக்கும் தங்கையன்தான் பாய்ந்து எடுத்தான். வெள்ளைக்காரர்கள் குறி பார்க்கும் டாரட் சீட்டு. பெயர் கிடையாது, படம் மட்டும். முதல் சீட்டில், சூரியகாந்திப் பூக்களுக்கு நடுவே ஒரு குழந்தை வெள்ளைக் குதிரையில் சிரித்துக்கொண்டு போயிற்று. பின்னால் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து: 'இந்தக் கல்யாணம் நடந்தால் மரணம்.' இரண்டாவதில், குதிரைமேல் ஓர் எலும்புக்கூடு. பின்னால், 'கல்யாணத்தை விட்டு வீட்டோடு இரு. மகிழ்ச்சி பொங்கும்.'

தங்கையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எலும்புக்கூடு வாழ்த்துச் சொல்லி அவன் பார்த்ததில்லை.

மேலப்புதூர் வீட்டுக்குப் போனார்கள். தாய் ரோசரி, ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். "விதி சொல்லுதுங்க. நாம என்ன பண்றது?" என்றாள். விக்டரும் அங்கே இருந்தான். அவனுக்கு வங்காளத்துக் கரக்பூருக்கு மாற்றல் ஆகியிருந்தது. கல்யாணம் முடிந்த மறுவாரமே கிளம்ப வேண்டும். யார் முகத்தையும் பார்க்காமல் தொப்பியையே உருட்டிக்கொண்டிருந்தான். தங்கையன் அப்போதே தீர்மானித்துவிட்டான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிக்கிறானே, இவன்தான்!

பத்தாம் தேதி என்ன கிழமை என்று பார்க்கச் சுவரில் தொங்கிய கோயில் காலண்டரைப் புரட்டினான். ஆகஸ்டுக்கு அடுத்தது அக்டோபர். அச்சாபீஸ்காரன் தூங்கிவிட்டான் போல என்று சிரித்தான். வீரமலை சிரிக்கவில்லை.

"எனக்கு இந்தச் சீட்டு ஒரு எழவும் தெரியாதுப்பா. கத்துக்கப் புத்தகம் வாங்கணும்," என்றார் வெளியே வந்து.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முஜிபுர் ரஹ்மானின் பழைய புத்தகக் கடை. கப்பலேறிப் போன ஒரு துரை வீட்டிலிருந்து வந்த மூன்று டாரட் புத்தகங்களை எடுத்துப் போட்டார். தங்கையன் தலையணை கனத்தில் இருந்ததைத் தூக்கினான்.

"அதுல ஒரு படம்கூட இல்ல. நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள உன் பேரனுக்குக் கல்யாணம் ஆயிடும்," என்றார் வீரமலை. "புதுசாக் கத்துக்கிறவனுக்கு மெல்லிசான புத்தகம் வேணும். எதிர்ல படம், பக்கத்துல அர்த்தம்."

அப்படிப்பட்டவை இரண்டு இருந்தன. ஒன்றில் சிரிக்கும் குழந்தைக்கு எதிரே 'மகிழ்ச்சி', எலும்புக்கூட்டுக்கு எதிரே 'மரணம்'. மற்றது புது பைண்டிங், மேலே வெள்ளைத்தாள் அட்டை. அதில் தலைகீழ்! குழந்தைக்கு 'மரணம்', எலும்புக்கூட்டுக்கு 'மகிழ்ச்சி'. அக்னஸுக்கு வந்த சீட்டுகளில் எழுதியிருந்ததும் இதேதான்.

"படமெல்லாம் கழண்டு கிடந்துச்சுங்க," என்றார் முஜிபுர் ரஹ்மான். "பைண்டிங் பண்ற பெரியண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ரெண்டும் குதிரைப் படம், மாத்தி ஒட்டிட்டான். நான் இல்லாதப்ப சீட்டுக்கட்டோட யாரோ அவன்கிட்ட வாடகைக்கு எடுத்துட்டுப் போய், போன வாரம் திருப்பிக் குடுத்துட்டாங்க. யாருன்னு அவனுக்குத்தான் தெரியும். அவன் சொந்த ஊர் மருங்காபுரிக்குப் போயிட்டானே!"

திரும்பி வந்த சீட்டுக்கட்டை எண்ணினார்கள். எழுபத்தெட்டு இருக்க வேண்டியதில் எழுபத்தாறு. வீரமலை தாளட்டையை மெல்லப் பிரித்தார். உட்புறத்தில் கட்டங்களும் எண்களும் அச்சாகியிருந்தன. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அக்னஸ், விக்டர், ரோசரி மூவரையும் மேலப்புதூர் வீட்டில் உட்கார வைத்தார். விக்டரின் சட்டைக் காலரைப் பிடிக்கத் தங்கையன் கதவோரம் தயாராக நின்றான்.

"சீட்டை அனுப்பினவங்க பைத்தியமில்ல. படம் மாறின புத்தகத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டவங்க," என்றார் வீரமலை. "ஆனா ஒண்ணு இடிச்சுது. எலும்புக்கூடுதான் மகிழ்ச்சின்னு புத்தகமே சொன்னாலும், நம்ம தங்கையன் நம்புவானா?"

"செத்தாலும் நம்ப மாட்டேன் அண்ணே!"

"அதான். சிலுவைக்குக் கீழ மண்டையோட்டைப் பார்த்து, சாவுக்கப்புறம் உயிர்த்தெழுதல்னு கோயில்ல கேட்டு வளர்ந்த கண்ணுக்குத்தான் அது உறுத்தாது. அப்ப இந்த மூணு பேர்ல ஒருத்தர்."

"விக்டர்!" என்று ஓரடி வைத்தான் தங்கையன்.

"இருப்பா. விக்டர் ஏன் முழிக்கிறார்னா, அம்மாவைத் தனியா விட்டுட்டு அக்னஸைக் கூட்டிட்டுப் போறோமேன்னு." வீரமலை தாளை மேசைமேல் விரித்தார். அந்தக் கோயில் காலண்டரின் செப்டம்பர் மாதம். "பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் போடுற மாதிரி புத்தகத்துக்கு அட்டை போட்டிருக்காங்க. முடிஞ்சு போன மாசம் ஏழு இருந்திருக்கும். அதையெல்லாம் விட்டுட்டு, வராத மாசத்தைக் கிழிச்சிருக்காங்க. அந்த மாசமே வரக்கூடாதுன்னு நினைச்ச கை அது."

தங்கையன் வாயைப் பிளந்தான். அக்னஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். ரோசரியின் கையிலிருந்து ஜெபமாலை நழுவித் தரையில் விழுந்தது.

"அம்மா, நீயா? போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீ நின்னிருப்ப," என்றாள் ரோசரி. "நின்னுட்டு, ஆயுசுக்கும் என்னைக் கரிச்சுக் கொட்டியிருப்ப. சீட்டைக் கரிச்சுக் கொட்டினா எனக்கு வலிக்காதுல்ல?"

அக்னஸ் குழந்தைச் சீட்டை எடுத்துத் தாயின் முன்னால் நீட்டினாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "மரணம்னு எழுதினியே, எப்படிம்மா மனசு வந்துச்சு? யாருக்கு எழுதின, எனக்கா? இவருக்கா?"

"எனக்குடி," என்றாள் தாய். "நீ ரயில் ஏறினதுக்கப்புறம் இந்த வீட்ல நான் என்ன ஆவேன்னு எழுதினேன்."

பிடிக்க நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தங்கையனுக்குத் தெரியவில்லை. விக்டர் குனிந்து ஜெபமாலையை எடுத்தான்.

அக்னஸ் அதை வாங்கித் தாயின் மடியில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை வாசிப்பாங்க," என்றாள். குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. "தடை இருக்கான்னு சாமியார் கேப்பார். நீ என் பக்கத்துலதான் உக்காரணும். அவர் கேக்கும்போது என் மூஞ்சியைப் பாத்துட்டு எது தோணுதோ அதைச் சொல்லு."

ரோசரி அவள் முகத்தைப் பார்க்க முயன்றாள். அன்று அவளால் முடியவில்லை.