காணாமல் போன கோடாலிக்காரன்

1988 பிப்ரவரி. காலை 9.10. கள்ளக்குறிச்சி.

சட்டத்தில் கட்டியிருந்த துணியில் சாலை இருந்தது, சாய்ந்த புளியமரம் இருந்தது, நின்றுபோன பஸ்ஸும் இருந்தது. கோடாலியோடு நின்ற ஆளை மட்டும் காணோம்.

ஓவிய ஆசிரியர் தனசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டார். போன செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த ஒரு வாரச் சாலை மறியலை, மணிமொழி ஐந்து மாதமாக ஊசியால் வரைந்த படம் அது. மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் சென்னைக் கண்காட்சிக்குப் போக வேண்டும்.

மாடி அறையின் சாவி மூன்று பேரிடம் இருந்தது. அவரிடம், மணிமொழியிடம், கூடவே தைக்கும் செந்தமிழ்ச்செல்வியிடம். செல்வியின் படத்தைக் கண்காட்சிக்காரர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதற்குமேல் சாருக்கு யோசனையே தேவைப்படவில்லை.

"எல்லாம் பொறாமை. வூட்டுக்குப் போ. இனிமே இந்தப் பக்கம் வராத," என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகும் ஊசி பிடிக்க விடுவானா என்று கேட்டுப் பெண் பார்க்க வந்தவனையே ஓடவிட்டவள் செல்வி. அவளுக்கு இந்த அறையை விட்டால் வேறு இடமில்லை. அப்படியே நின்றாள்.

9.30. கீழே தையல்கடை வைத்திருக்கும் எழில்மதி, சத்தம் கேட்டு மேலே வந்தாள். அடுத்தவர் சண்டையில் மூக்கை நுழைப்பது கெட்ட பழக்கம் என்று அவளுக்கும் தெரியும். என்ன செய்ய, விட முடிவதில்லை.

"சார், சும்மா ஒரு பொண்ணு மேல பழி போடாதீங்க. துணிய நான் பாக்கலாங்களா?"

கத்திரி எங்கும் படவில்லை. தையலை மட்டும் பிரித்திருந்தார்கள்.

"நேத்து எத்தினி மணிக்குப் பூட்டுன மணி?"

"ஆறுக்கு. செல்வி அஞ்சுக்கே போயிட்டா."

"அந்த ஆளு கைக்கும் மரத்துக்கும் வேற வேற நூலா?"

"ஒரே நூலுதாங்க்கா. கையில ஆரம்பிச்சு அப்டியே மரத்துக்குப் போவும்." மணிமொழி தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "வுட்டுடுங்கக்கா. போனது போச்சி."

ஐந்து மாத உழைப்பைப் பறிகொடுத்தவள் பேசுகிற பேச்சாக இல்லை அது. எழில்மதி சுவரில் சாய்த்திருந்த செல்வியின் படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள். மணிமொழியின் துணியைத் திருப்பினாள். ஒரு முடிச்சுகூட இல்லை. நூல் நுனிகளெல்லாம் பக்கத்துத் தையலுக்கு அடியில் செருகிக் கிடந்தன. மரத்தை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

10.05.

"செல்வி பண்ணல சார்."

"இன்னா, ஜோசியமா?"

"கையப் பிரிச்சா அந்த நூலு மரத்தையும் உருவிக்கினு வரணும். மரத்துல ஒரு தையல் தளரல. பிரிச்ச நூல ஊசில கோத்து, நுனிய உள்ள செருகி, பத்திரம் பண்ணிட்டுப் போயிருக்காங்க. கெடுக்க வந்தவளுக்கு மரத்து மேல இன்னா அக்கற? அதுவும் முடிச்சு இல்லாம. செல்வியோடதப் பாருங்க, முடிச்சு போடாத எடமே இல்ல." எழில்மதி திரும்பினாள். "மணி, நீதான் பிரிச்ச."

மணிமொழி கோடாலிக்காரன் இருந்த வெற்றிடத்தைத் தடவினாள்.

"அது எங்கண்ணன்."

அண்ணன் அய்யப்பனுக்குக் கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. மறியலுக்காக எலவனாசூர்கோட்டை ரோட்டில் மரம் வெட்டியவர்கள் மேல் போட்ட கேஸும் இன்னும் முடியவில்லை. படத்திலோ நெற்றித் தழும்பு உட்பட அண்ணனை அச்சாகத் தைத்து வைத்திருந்தாள். ஆர்டர் நேற்று மத்தியானம்தான் கைக்கு வந்தது.

"வேல போயிடுமேன்னு பயம். இவளச் சொல்லுவாருன்னு நான் நெனைக்கல. சொன்னப்ப, நான்தான்னு சொல்ல வாய் வரல."

தனசேகரனுக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. "செல்வி, நாளைக்கு எப்பயும்போல வந்துடும்மா," என்றார்.

செல்வி அவர் பக்கம் திரும்பவில்லை.

"அய்யப்பண்ணன் எனக்கும் அண்ணன்தானக்கா," என்றாள் மணிமொழியிடம். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பக்கத்துல ஒக்காந்து நானே பிரிச்சுக் குடுத்திருப்பேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.