பத்தொன்பதாம் தொகுதி

காலையில் பல் துலக்கி முடித்ததும் தில்லைநாயகம் தன் மனைவியைப் பார்க்கப் போவார். கோமதி பதினொரு அறைகளில் இருந்தாள்.

பெரும்பகுதி எட்டாம் அறையில், ஆக்சிஜனாக. ஆறாம் அறையில் கரியாக. எலும்பும் பல்லும் இருபதாம் அறையில், கால்சியமாக. அவர் இருபதைத்தான் தொட்டுக் கும்பிடுவார். அவள் சிரித்த பல் அங்கேதானே இருக்கிறது.

சீரிஸ் குறுங்கோளில் புதைக்க மண் இல்லை. எரித்து வீணாக்கக் காற்றும் இல்லை. யார் இறந்தாலும் அடுக்கன் என்ற இயந்திரம் உடலை அணு அணுவாகப் பிரித்துத் தனிமச் சுவரில் சேர்த்துவிடும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்குமே, அதே தனிம வரிசை அட்டவணைதான்; இங்கே மூன்று மாடி உயரம். புரோட்டான் எண்ணிக்கைப்படி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். குறுக்கே ஏழு தொடர்கள். ஒவ்வொரு தொடர் இறங்கும்போதும் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் கூடு கூடும். நெடுக்கே பதினெட்டுத் தொகுதிகள். ஒரு தொகுதிக்காரர்களுக்கு வெளிக்கூடு ஒரே மாதிரி, அதனால் குணமும் ஒரே மாதிரி. சோடியமும் அதற்குக் கீழிருக்கும் பொட்டாசியமும் தண்ணீரைக் கண்டால் சீறும். கடைசித் தொகுதியின் ஹீலியமும் நியானும் எவரோடும் ஒட்டாது. குழந்தைகளின் பால்மாவு, குழாய்த் தண்ணீர், மூச்சுக் காற்று எல்லாம் இந்தச் சுவரிலிருந்துதான். செத்தவர்கள் யாரும் ஊரைவிட்டுப் போவதில்லை.

அன்று அவர் கும்பிட வரவில்லை. மகள் நித்திலாவைச் சேர்க்க வந்திருந்தார்.

கூரைக் கவசத்தில் விழுந்த விரிசலை அடைக்கப் போனவள், அடைத்துவிட்டாள், உயிரோடுதான் திரும்பவில்லை. மூன்று வருடமாக அவர் அவளோடு பேசவில்லை. அவள் பூமியிலிருந்து இரண்டாம் கப்பலில் வந்த குடும்பத்து மருதனைக் கட்டிக்கொண்டாள். அவர் முதல் கப்பல். சுவர்க் குழுவின் தலைவர். உயிரோடு இருந்தபோது விட்டதை இப்போதாவது பிடித்துவிடலாம், தாயும் மகளும் இருபதாம் அறையில் சேர்ந்துவிடட்டும் என்ற ஒரே நினைப்பில் அவர் நின்றிருந்தார். மருதன் கைக்குழந்தையோடு பத்தடி தள்ளி நின்றான்.

"பத்தொன்பதாம் தொகுதி," என்றது அடுக்கன்.

அட்டவணையில் இல்லாத அந்தத் தொகுதியை உண்டாக்கியதே தில்லைநாயகம்தான். இரண்டாம் கப்பல்காரர்களின் எலும்பு நம் பிள்ளைகளின் பாலில் கலப்பதா என்று முதல் கப்பல்காரர்கள் முணுமுணுத்த காலம் அது. அவர்களுடைய கால்சியம் வேறுதானே என்று அவர் அடுக்கனிடம் கேட்டார். இருபது புரோட்டான் இருந்தால் கால்சியம், எந்தக் கப்பலில் வந்தது என்று அதற்கே தெரியாது என்றது அடுக்கன். எடையிலாவது வித்தியாசம் இருக்குமே என்று விடாமல் கேட்டார். எடை பார்த்து அடுக்கினால் தப்பாகும், அயோடினைவிடக் கனமான தெலூரியம் அயோடினுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது என்று அது பொறுமையாகச் சொன்னது. அறிவியல் கைகொடுக்கவில்லை என்றதும் அவர் வாக்கெடுப்பு நடத்தினார். இரண்டாம் கப்பல்காரர்களுக்கென்று சுவருக்குப் பின்பக்கம் ஒரே ஒரு இரும்புப் பீப்பாய் வந்தது. அறை பிரிக்கவில்லை. அவர்களுக்கு எதற்கு அவ்வளவு செலவு என்று குழு விட்டுவிட்டது.

"அவ முதல் கப்பல்ல பொறந்தவ," என்றார்.

"ஆமாங்க ஐயா. ஆனா கல்யாணமான பெண் புருஷன் கப்பலைச் சேர்ந்தவள்னு உங்க தீர்மானத்துல இருக்கு."

இருந்தது. அவருடைய தம்பி இரண்டாம் கப்பல் பெண்ணைக் கட்டியிருந்தான். தம்பி மனைவியைச் சுவருக்குள் கொண்டுவர அவரே சேர்த்த வரி அது. அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் மருதன் பக்கம் திரும்பினார். மகளின் கல்யாணத்துக்குப் பிறகு அவனிடம் பேசும் முதல் வார்த்தை.

"நீயாவது சொல்லேன்பா. அவ அம்மாகிட்டப் போகட்டும்."

"நான் சொன்னா எடுபடுமா மாமா?" மருதன் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டான். "சுவர் வாசல்லயே எங்களை நிக்கவிட மாட்டீங்களே. பெரிய மனசு பண்ணி இன்னிக்கு இங்க வரைக்கும் விட்டிருக்கீங்க."

கேலி மாதிரி இருந்தது. ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது.

பீப்பாயின் மூடி திறந்து மூடும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. நித்திலாவின் இரும்பும் உப்பும் எலும்பும் யார் யாருடையதோடோ ஒன்றாகக் கலந்தன.

"என்னையும் அதுலயே எழுதிக்கோ," என்றார் தில்லைநாயகம். "நான் போறப்போ."

"முதல் கப்பல்காரங்களை அதுல போட அனுமதி இல்லீங்க. பொதுக்குழுல முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கிட்டா மாத்தலாம்."

முக்கால்வாசிப் பேரை அவருக்குத் தெரியும். ஒவ்வொருவரையும் வீடு வீடாகப் போய்ப் பேசி இரண்டாம் கப்பலுக்கு எதிராகத் திருப்பியது அவர்தான்.

பூமியில் சுடுகாட்டுக்குப் போகக்கூட ஊருக்கு இரண்டு பாதை இருந்ததாம். அந்தக் கதையை அவர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மறுநாள் காலை பல் துலக்கியதும் கால் பழக்கத்தில் இருபதாம் அறைக்குப் போனது. தொட்டார். பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு, இதுவரை போயிராத பின்பக்கம் நடந்தார். பீப்பாயைச் சுற்றிக் கும்பிட்டு நின்றிருந்த இரண்டாம் கப்பல்காரர்கள் அவரைக் கண்டதும் சட்டென்று ஒதுங்கினார்கள். தங்கள் நிழல்கூட அவர்மேல் படாத தூரத்துக்கு. குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு மருதனும் ஒதுங்கினான்.

வழி தாராளமாக இருந்தது. தில்லைநாயகத்தால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை.