வளர்கிற வீடு

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. எந்த அடுக்குமாடியிலும் விளக்குப் போடுகிற நேரத்தில் கேட்கிற சத்தம்தான். நாற்காலிக் கால் தரையில் உரசுவது, அதற்குப் பின்னால் நாளெல்லாம் நின்று வேலை பார்த்த ஒருத்தி விடுகிற பெருமூச்சு. ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடே கிடையாது. நாலாவது மாடியின் கடைசிச் சுவர் அது. அதைத் தாண்டினால் காற்று, கீழே மழைத்தண்ணீர் தேங்கிய காலி மனை. அவளுக்குத் தெரியாமல் அங்கே எதுவும் இருக்க முடியாது. இந்தக் கட்டிடத்தை வரைந்தவளே அவள்தான்.

தொழிற்சாலையில் அறை அறையாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற வீடுகள். இரும்புச் சட்டம், அழுத்திய வைக்கோல் பலகையால் சுவர், மொட்டைமாடியில் சூரியத் தகடு. கால்வாய்க் கரையில் தகரத்துக்குக் கீழே வாழ்கிறவர்களுக்காக அவள் ஆறு வருடம் மன்றாடி வாங்கிய திட்டம். ஒவ்வொரு வீட்டின் ஓரச் சுவரிலும் கதவளவுக்கு ஒரு பலகையை மட்டும் போல்ட் போட்டுப் பொருத்தியிருந்தாள். குடும்பம் பெருகினால் அதைக் கழற்றிவிட்டு இன்னொரு அறையை ஒட்டிக்கொள்ளலாம். வளர்கிற வீடு என்று பேர் வைத்திருந்தாள். கரைக்காரர்கள் வைத்த பேர் தீப்பெட்டி. அவளுக்குத் தீப்பெட்டி அம்மா.

"காத்தடிச்சா ஆடுமா, மழைல ஊறுமான்னு எங்களுக்கென்ன தெரியும்?" என்று துணி தைக்கிற பெண் ஒருத்தி கூட்டத்தில் எழுந்து கேட்டிருந்தாள். "மொதல்ல நீங்க உங்க புள்ளையோட குடியிருந்து காட்டுங்க. அப்புறம் நாங்க மூட்டை கட்டுறோம்."

அந்த வார்த்தைக்காகத்தான் கணவனையும் மகளையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்திருந்தாள். கட்டிடம் முழுக்க இந்த ஒரு வீட்டில்தான் ஆள். கணவனுக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை; இன்று விடியும்வரை அவனுக்கு அங்கே பணி.

அவள் கிரேன்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, கடைசிச் சுவர்ப் பக்கம் அறைப் பெட்டி ஏதாச்சும் ஏத்திட்டீங்களா?"

"எங்கம்மா ஏத்துறது? ஒரு வாரமா மழை. அடுத்த பெட்டி இன்னும் தொழிற்சாலைலதான் கெடக்கு. ஏம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா கேட்டேன்."

ஜன்னலைத் திறந்து உடம்பைப் பாதி வெளியே நீட்டிப் பார்த்தாள். தூறல் முகத்தில் குத்தியது. சுவர் வழவழவென்று கீழ்வரைக்கும் இறங்கியது. அடுத்த அறைக்காக விட்டுவைத்த இரும்புக் கொக்கிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேறொன்றுமில்லை. குழாயில் காற்று அடைத்திருக்கும், அதுதான் பெருமூச்சு மாதிரிக் கேட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தலையை உள்ளே இழுத்தாள்.

மகள் ஓரப் பலகையில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னடா பாப்பா பண்ற?"

"அங்கயும் நம்ம வீடு மாதிரியே இருக்காம்மா."

"யாரு சொன்னா?"

 குழந்தை, விளையாட்டில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டது.

அவள் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். மழைநாளில் சில்லிட்டிருக்க வேண்டிய பலகை, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரிச் சுட்டது.

அப்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். பிற்பாடு அவளுக்கு அது ஒன்றுதான் மனதில் ஓடியது. ஆனால் அந்த நேரத்தில் அவள் நினைத்தது வேறு. மாதக் கடைசியில் கரைக் குடிசைகளை இடிக்க வருகிறார்கள். தீப்பெட்டி அம்மாவே பயந்து ஓடிவிட்டாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், ஒரு குடும்பமும் இங்கே காலெடுத்து வைக்காது. மழையில், தெருவில், கைக்குழந்தைகளோடு நிற்பார்கள். யோசித்தாள். கொஞ்ச நேரம்தான் யோசித்தாள். பிறகு அம்மா வீட்டில் போய்த் தங்கிவிட்டுக் காலையில் சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்து, குடையும் குழந்தையின் செருப்பும் எடுக்கப் படுக்கையறைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது பலகை கழன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. போல்ட்டுகள் தரையில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. பலகை இருந்த இடத்தில் மழை இல்லை, காற்று இல்லை. ஒரு அறை இருந்தது.

"பாப்பா?"

"இங்கம்மா. உள்ள வா."

உள்ளே ஓடினாள். அதே சோபா. அதே சமையல் மேடை. மேடையில் பாதி துடைத்த பாத்திரம், அதன்மேல் அவள் போட்டுவிட்டு வந்த அதே துணி. புது வைக்கோல் வாசனைக்குப் பதிலாக, பல பேர் பல நாள் மூடிக்கிடந்து தூங்கிய அறையின் வாடை. மகள் இல்லை. எதிர்ச் சுவரில் இன்னொரு பலகை திறந்து கிடந்தது.

"எங்கடா இருக்க?"

"இங்கதாம்மா."

அடுத்த அறை. விளக்கு மங்கல். பாத்திரத்தின்மேல் பூஞ்சை. சோபா உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்திருந்தது. அவர்கள் குடிவந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அதற்கடுத்த அறை. கூரை தாழ்ந்திருந்தது. குனிந்து நடந்தாள். சுவர் ஈரமாக, தொட்டால் அமுங்கியது. கையை எடுத்ததும் மெல்ல எழும்பிப் பழைய இடத்துக்கு வந்தது.

"அம்மா."

"வர்றேன்டா கண்ணு. அங்கயே நில்லு. நகராத."

"அம்மா."

குரல் மகளுடையதுதான். ஆனால் மூச்சு வாங்காமல் வந்தது. ஒரே இழுப்பில், ஒரே ஏற்றத்தில், ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல்.

அவள் நின்றாள்.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். வந்த வழி இல்லை. சுவர்தான் இருந்தது. விளிம்பு இல்லை, போல்ட் இல்லை, ஒட்டு இல்லை. விழுந்து பிராண்டினாள். நகம் பெயர்ந்தது. பலகை பிய்ந்து நனைந்த வைக்கோல் கொத்துக் கொத்தாக வந்தது. அதற்குப் பின்னாலும் வைக்கோல். அதற்குப் பின்னாலும்.

போன். கணவன் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்ன, இப்பதான வெச்ச?"

"என்னங்க, பாப்பாவைக் காணோம். நான் எங்க இருக்கேன்னே தெரியல. உடனே வாங்க."

அவன் குரல் மாறியது.

"யாருங்க நீங்க? என் பொண்டாட்டி நம்பர்ல எப்படிப் பேசுறீங்க?"

"நான்தாங்க. என் குரல் தெரியலையா?"

"இப்பதான் அவகிட்ட பேசிட்டு வெச்சேன். புள்ளை அவ மடியில உக்காந்து என்கிட்ட பேசுச்சு. யாரும்மா நீ?"

கத்தினாள். மன்றாடினாள். அவனுக்கு மட்டுமே தெரிந்த பேச்சையெல்லாம் சொன்னாள். தொடர்பு எப்போதோ அறுந்திருந்தது.

விளக்கு அணைந்தது. இருட்டில் ஒரு மூலையில் மட்டும் மஞ்சளாக வெளிச்சம் கசிந்தது. ஜன்னல். முட்டிபோட்டு ஊர்ந்து அதனிடம் போய்ச் சேர்ந்தாள். திறப்பதற்குக் கைப்பிடி இல்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டி வெளியே பார்த்தாள்.

எதிரே அவள் கட்டிய கட்டிடம் நின்றது. எல்லா மாடியும் இருட்டு. நாலாவது மாடியில் மட்டும் ஒரு ஜன்னலில் விளக்கு. உள்ளே மகள் இருந்தாள், ஒரு கீறல்கூட இல்லாமல். இவளுடைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, இவளுடைய முகத்தோடு, இவள் உட்காருகிற மாதிரியே ஒரு காலை மடக்கிச் சோபாவில் உட்கார்ந்திருந்தவளின் மடியில்.

கண்ணாடியை அறைந்தாள். தலையால் முட்டினாள். "பாப்பா. பாப்பா. அம்மா இங்க இருக்கேன்."

குழந்தைக்குக் கேட்டுவிட்டது. திரும்பியது. இருட்டில், நாலு மாடி உயரத்தில், ஒன்றுமே இல்லாத காற்றில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூடுகிற அந்த முகத்தைப் பார்த்தது. அதன் கண்கள் விரிந்தன. வீறிட்டு அலறிக்கொண்டு அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிப் பிடித்து, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அந்தப் பெண் அதன் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொண்டே குழந்தையின் தலைக்கு மேலாக ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.