பதில் சொல்லாத பெட்டி

பேட்டரி வயரைக் கழற்றித் தொங்கவிட்ட பிறகும், அந்த உப்பு லாரியின் வைப்பர் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு நின்றது. விஜிலா பார்த்தாள். உச்சி வெயில், இருபுறமும் கண்கூசும் உப்பளம், துறைமுகத்துக்குப் போகும் அந்தக் குறுக்குச் சாலையில் ஈ காக்கை இல்லை; லாரி டிரைவர்கூட சாப்பிடப் போய்விட்டான். வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

லாரியை நிறுத்தியது யு0100 என்ற எரர் கோட். எஞ்சின் போச்சு என்று அதற்கு அர்த்தமில்லை. மற்ற கம்ப்யூட்டர்கள் கூப்பிடுகின்றன, எஞ்சின் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பேட்டரி, ஃபியூஸ், எர்த், அப்புறம் உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு கோட் அழிக்கக்கூடாது. இதில் டிப்ளமோக்காரி விஜிலாவை மிஞ்ச ஆளில்லை. அடியில் படுத்து வேலை செய்வதில் அவள் புருஷன் ஜெபசிங்கை மிஞ்ச ஆளில்லை.

அவன் டயருக்கு முட்டுக்கொடுக்க ஒரு உப்பு மூட்டையை உருட்டி வைத்தான். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரும் அப்படித்தான்; லாரி நிறைய உப்பு இருக்கும்போது கட்டையை யார் சுமப்பது?

"கட்டை நம்ம வண்டியில கெடக்கு, எடுத்துட்டு வாரேன்."

"சும்மா இருளா. அஞ்சு நிமிசச் சோலி."

எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்ற அவன் அடியில் நுழைந்தான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. கேபினில் ஏறி, கோட் படிக்கும் ஸ்கேனரை மாட்டி வைத்தாள். பேட்டரி இல்லாமல் அது எரியக்கூடாது. எரிந்தது.

பிரேக்: பதில் இல்லை. கியர்: பதில் இல்லை. எஞ்சின்: பதில் வருகிறது.

"ஏங்க, எஞ்சின் பெட்டிய மாட்டிட்டியளா?"

"கழத்தி என் கையிலல்லா வச்சிருக்கேன்."

கேபினுக்குள் கருகிய ரப்பர் வாடை மெல்லப் பரவியது. ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"வெளிய வந்துருங்க."

"விஜிலா... வயரு கையச் சுத்துது."

"விளையாடாதீய!"

"அறுளா! வயர அறு!"

புஸ்ஸென்று காற்று பிரேக் தானாக விடுபட்டது. எஞ்சின் உறுமியது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். லாரி நகர்ந்தது. மூட்டை வெடித்தது. அப்புறம் அதைவிடக் கனமாக ஒன்று நொறுங்கியது. அலறல். லாரி பின்னால் போனது. மறுபடி முன்னால். அலறல் நின்றது. மறுபடி பின்னால் போய் லாரி நின்றது.

குதித்து ஓடினாள். ஜெபசிங்குக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. உப்பு சிவந்து குழைந்து கிடந்தது. அவன் தலையை மடியில் அள்ளிக்கொண்டு கதறினாள். வயர்கள் அவன் மணிக்கட்டைக் கிழித்து, தோலுக்கடியில் தோள்வரை ஏறியிருந்தன.

லாரியின் இண்டிகேட்டர் எரிந்தது. அவன் கண் திறந்தது.

அணைந்தது. மூடியது.

எரிந்தது. திறந்தது.

"ஏங்க..."

அவன் வாயைத் திறந்தான். சத்தம் லாரியின் ஹாரனிலிருந்து வந்தது.