புகைப்புரையில் ஜெபின்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மாறாத எழுத்து அன்று சாயங்காலம் மாறியிருந்தது. டிவியின் ஓரத்தில் சின்னச் சதுரமாக, ரப்பர் உலர்த்தும் புகைப்புரை தெரியும். மூங்கில் கழிகளில் ரப்பர் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கும். கீழே ‘ஜெபின் உறங்குகிறான்’ என்றிருக்கும். இப்போது ‘ஜெபின் விழித்துவிட்டான்’ என்றிருந்தது. மரச்சீனிக் கிழங்கு வேகும் அடுக்களையிலிருந்து வந்த ஜிஜா, ஈரக்கையைத் துடைக்கவும் மறந்து நின்றாள்.

அந்த வீட்டில் ஜெபின் என்று யாரும் இல்லை. ஒரே ஒரு பகல் இருந்தான்.

புகைப்புரையைக் காட்டும் அந்தக் கேமரா, அவன் பிறக்குமுன்பே ஜிஜாவின் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பியது; தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் மூச்சை எண்ணிச் சொல்லுமாம். பிள்ளை கைக்கு வருமுன் சாமான் சேர்க்கக் கூடாதென்று மாமியார் ஞானபாய் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். ஜெபினுக்காக அதைப் பிரிக்கும் நாள் வரவே இல்லை.

ஜிஜாவின் கணவன் சானுவுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. உதியன்குளங்கரையில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். எதையும் எதிலாவது ஓட வைத்துவிடுவான். யாரோ கழற்றிப் போட்ட காரின் ரிவர்ஸ் கேமரா அவர்கள் கிணற்றைக் காவல் காத்தது. புகைப்புரையில் தீப்பிடித்தால் ஷீட்டெல்லாம் சாம்பல் என்பதால், பிள்ளைக்கு வந்த கேமராவை அங்கே மாட்டினான். விலைகூடிய போனில் மட்டும் ஓடும் ஆப் அது. பழைய லேப்டாப்பையே அப்படி ஒரு போன் என்று அதை நம்ப வைத்து, அங்கிருந்து டிவிக்கும் கொண்டுவந்துவிட்டான். ஒன்றில் மட்டும் அது ஏமாறவில்லை. பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் தராமல் திறக்க மாட்டேன் என்றது. சானு விரலுக்கு வந்ததை அடித்தான். அவன் விரலுக்கு வேறு எந்தப் பெயர் வரும்?

இரண்டாவது பிள்ளை வயிற்றில் நிறைமாதமாக உதைத்துக்கொண்டிருக்க, தினமும் அந்தப் பெயர் கண்ணில் படுவது ஜிஜாவுக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

சானுவை போனில் கூப்பிட்டாள். “கேட்டியளா, பிள்ளை எழும்பிட்டுண்ணு காட்டுது.”

அவன் சிரித்தான். “புகை ஆடுததாக்கும். அதுக்கு ஷீட்டு தெரியுமா, தீ தெரியுமா? பிள்ளைய மட்டும்தானே தெரியும். பேடிக்காதே மக்கா, கடைய அடச்சிட்டு வாறேன்.”

புகைப்புரைப் படத்தை டிவி முழுக்கப் பெரிதாக்கி, சத்தத்தைக் கூட்டினாள். புகைப்புரைத் தகரத்தில் மழை விழும் ஓசை, தீயில் ஈரத் தேங்காய்த்தொண்டு சீறும் ஓசை, அவற்றுக்கடியில், நாய்க்குட்டி பால் குடிப்பதுபோல் சப்புக்கொட்டும் ஓர் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. புளித்த ரப்பர் பாலின் நாற்றம், எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தும், அறைக்குள் நிறைந்து நின்றது. மூச்சுக்கணக்கு திரையில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிக் கழியில் ஒரு ஷீட் மட்டும் மெல்ல அசைந்தது, உள்ளிருந்து யாரோ முட்டுவதுபோல்.

பிறகு அழுகை. பச்சைப்பிள்ளையின் மெலிந்த அழுகை.

அதைக் கேட்டதும் ஜிஜாவின் ரவிக்கை நனைந்தது. கையால் மார்பைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் தெரிந்தது, வயிற்றுக்குள் வெகுநேரமாக அசைவே இல்லை.

பிள்ளை அசையட்டும் என்று தண்ணீரில் சர்க்கரை கலக்கிக் குடித்தாள். இடப்பக்கம் சாய்ந்து படுத்தாள். வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ‘கர்த்தாவே, இதையாவது விட்டுத்தா’ என்று வாய்விட்டு அழுதாள். டிவியில் அழுகை இன்னும் தெளிவாகக் கேட்டது.

கார் முற்றத்தில் வந்து நின்றது. சானு நனைந்தபடி உள்ளே வந்தான்.

“பிள்ளைக்கு அனக்கமில்ல. ஆசுபத்திரிக்குப் போவோம். இப்பமே.”

“வா, எழும்பு.” கையைப் பிடித்துத் தூக்கினான். பாதி தூக்கியவன் நின்றுவிட்டான். அவன் முகம் டிவியின் பக்கம் திரும்பியிருந்தது.

“அழுதுட்டு இருக்கானே, ஜிஜா.”

“அது நம்ம பிள்ளை இல்ல.”

“பசிக்குதாக்கும்,” என்றான். அவன் குரல் இளகிப்போயிருந்தது. “ஒருதரம் பாத்துட்டு வாறேன்.”

“போகாதீங்க! இஞ்ச ஒண்ணு சாவுது!”

போய்விட்டான். கார்ச்சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. ஜிஜா வாசல்வரை நடந்தாள். அடிவயிறு கல்லாகக் கனத்தது. சுவரைப் பிடித்துத் திரும்பினாள்.

திரையில் புகைப்புரைக் கதவு திறந்தது. சானு குனிந்து வந்தான். ஷீட்டுகளை விலக்கினான். கடைசிக் கழிக்குப் போனான். இரண்டு கையையும் நீட்டி எதையோ எடுத்தான். கழுத்துக்கடியில் ஒரு கை கொடுத்து எடுத்தான்.

அழுகை நின்றது.

லேப்டாப்பில் பேசும் பொத்தானை அழுத்தினாள். “சானு! வண்டிய எடுங்க! என் பிள்ளை போவுது!”

அவள் குரல் புகைப்புரைக்குள் ஒலித்தது. டிவி வழியே அவளுக்கே திரும்பக் கேட்டது.

சானு தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தான். முகமெல்லாம் கண்ணீர். சிரித்துக்கொண்டிருந்தான். உதட்டில் விரலை வைத்தான்.

சத்தம் போடாதே என்று.

பிறகு மண்தரையில் உட்கார்ந்து மெல்ல ஆடத் தொடங்கினான். புகை அவன் மடியை மூடியது. புகைக்குள்ளிருந்து, புகையில் உலர்ந்த ஷீட்டின் நிறத்தில், ஒரு சின்னக் கை நீண்டு அவன் சட்டையை இறுகப் பற்றியது.