சொதப்பல் கேக்கும் ஒரு நீல ஜாக்கெட்டும்

மழை வந்தால் ஆர்ஹூஸ் நகரத்தில் யாரும் ஒதுங்கி நிற்பதில்லை. தில்டேயும் நிற்கவில்லை. ஆய்வகத்து வாசலில் வேகமாகத் திரும்பியவள், எதிரே வந்த சைக்கிளின் கைப்பிடியில் தன் கைப்பிடியைக் கொண்டுபோய்க் கோர்த்துவிட்டாள்.

"பாத்து வரக் கூடாதா?" என்றாள்.

"பாத்துக்கிட்டேதான் வந்தேன்... அதனாலதான் இடிச்சுட்டேன்னு நினைக்கிறேன்," என்றான் அவன்.

நிமிர்ந்தாள். சாம்பல் நிறக் கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தில்டேயின் மனசு ஒரு படி இறங்கிப்போனது... அப்புறம்தான் அவன் போட்டிருந்த நீல ஜாக்கெட்டைப் பார்த்தாள். மார்பில் மாட்டுத் தலை. பால் பவுடர் கம்பெனியின் சின்னம். இறங்கிய மனசு சட்டென்று மேலேறிக் கதவைச் சாத்திக்கொண்டது.

அதற்குக் காரணம் இருந்தது. தில்டே உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளர். மூன்று வருடமாக ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். கொலஸ்ட்ரால் தன்பாட்டுக்கு இருக்கும்வரை பரம சாது என்பது அவள் கட்சி. வெளிச்சமும் காற்றும் பட்டு ஆக்சிஜன் ஏறினால் அது, எண்ணெய் காறிப்போவதுபோலக் கெட்டுப்போகும். அப்படிக் கெட்டது இதய நோயாளிகளின் ரத்தத்தில் மற்றவர்களைவிட அதிகமா, இல்லையா? நாள்பட வைத்திருக்கும் பால் பவுடரிலும் அந்தக் கெட்டது இருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தக் கம்பெனிக்காரன் இங்கே எதற்கு?

அளக்கும் முறையைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் வந்திருக்கிறார், பெயர் எஸ்கில் என்று பேராசிரியர் பிர்கிட் அறிமுகம் செய்தார். வேவு பார்க்க வந்திருக்கிறான் என்று தில்டே திருத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவன் எது செய்தாலும் சந்தேகம்தான். சீக்கிரம் வந்தால், யாரும் இல்லாத நேரம் பார்த்து வருகிறான். பேசாமல் இருந்தால், எதையோ மறைக்கிறான். ஒருநாள் காபிக்குப் பால் வேண்டுமா என்று கேட்டான். "எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள். "காபிக்குத்தாங்க..." என்று அவன் பரிதாபமாகச் சொன்னது வேறு கள்ளத்தனமாகத் தெரிந்தது. அந்தக் கண்கள் மட்டும் ஏன் இப்படி... சீ, வேலையைப் பார்.

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை அது. ஆரோக்கியமானவர்கள் நாற்பது பேரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மாதிரிகள் தயார். வெளிச்சத்தைத் தடுக்கும் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள் தீர்ந்துவிட்டதால் நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றினாள். இயந்திரம் பழுது. திங்கட்கிழமை பார்க்கலாம் என்று அவசரத்தில் அப்படியே கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை வந்தவளுக்குப் பகீரென்றது. முன்வரிசைக் குப்பிகள் இருபதிலும் யாரோ அலுமினியத் தாளைச் சுற்றியிருந்தார்கள். பின்வரிசை இருபதின் மேல் அந்த நீல ஜாக்கெட் கிடந்தது.

கைபேசியில் படம் பிடித்தாள். ஜாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுபோய், நடைபாதையில் தொலைந்த பொருட்கள் போடும் பெட்டியில் வீசினாள். குப்பிகளையும் தாளையும் மட்டும் தொடவில்லை. சாட்சி வேண்டுமே! இயந்திரம் சரியாகும் வரை, புதன்கிழமை வரை, எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. எஸ்கிலும் அந்த மூன்று நாள் கம்பெனிக்குப் போயிருந்தான்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஆரோக்கியமானவர்களின் சராசரியும், ஏற்கெனவே அளந்துவைத்திருந்த நோயாளிகளின் சராசரியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்று வருடம் போச்சு. அந்த நாற்பது பேரிடம் மறுபடி ரத்தம் கேட்க அனுமதியும் கிடையாது. தில்டே அந்த முடிவுத் தாளோடு நேரே, ஆய்வகத்தார் கூடிச் சாப்பிடும் வெள்ளிக்கிழமைக் காலை உணவு மேசைக்குப் போனாள். எல்லோரும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"என் சாம்பிளைத் தொட்டது நீங்கதானே?"

எஸ்கில் கத்தியைக் கீழே வைத்தான். "ஃபாயில் சுத்தினது நான்தான். ஜாக்கெட்டும் என்னோடதுதான்."

"எதுக்கு?"

அவன் பிர்கிட்டைப் பார்த்தான், மேசையைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றான்.

அவ்வளவுதான். பிர்கிட் கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எழுத்தில் புகார் கொடு என்று தில்டேயிடம் சொன்ன பிர்கிட், விளக்கம் வராவிட்டால் அடுத்த வெள்ளியோடு அவன் கிளம்ப வேண்டியதுதான் என்றார்.

செவ்வாய்க்கிழமை புகார் எழுத உட்கார்ந்தாள். எந்தெந்தக் குப்பி கெட்டது என்று எண் போட வேண்டும். அதற்காகத்தான் முதன்முறையாகச் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒன்றிலிருந்து இருபதுவரை... சுத்தம். இருபத்தொன்றிலிருந்து நாற்பதுவரை... எல்லாம் கெட்டவை. கைபேசியில் இருந்த படத்தை எடுத்தாள். தாள் சுற்றியது முதல் இருபது. ஜாக்கெட் மூடியிருந்தது அடுத்த இருபது. பக்கத்தில் தீர்ந்துபோன அலுமினியச் சுருளின் வெற்று அட்டை. பின்னால் ஜன்னல். ஜன்னல் நிறைய வெயில்.

வெள்ளைக் குப்பியை வெயிலில் விட்டுப் போனது யார்? அவள். அவன் மூடிவைத்ததைத் தூக்கி எறிந்து, இரண்டு முழு நாள் வெயிலில் காயவிட்டது யார்? அதுவும் அவள். எல்லோர் முன்னாலும் அவளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். தில்டேக்கு அழுகை வந்தது. வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம். சொதப்பியவர் தன் கையால் கேக் செய்து வெள்ளிக்கிழமை மேசையில் வைத்து, என்ன சொதப்பினேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. மூன்று வருடத்தில் தில்டே ஒரு கேக்கும் செய்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வெள்ளிக்கிழமை நடுவில் பள்ளம் விழுந்த கேக்கோடு வந்தாள். வெளியே மழை. மேசையில் ஏற்கெனவே ஒரு கேக் இருந்தது. பக்கத்தில் பையைத் தோளில் மாட்டியபடி எஸ்கில்.

தில்டே எழுந்து நின்று சொன்னாள். வெள்ளைக் குப்பி, ஜன்னல், ஜாக்கெட் எதையும் விடவில்லை. "இருபது சாம்பிளைக் காப்பாத்தினவர் மேலயே பழி போட்டேன். என் சந்தேகம்தான் மிச்ச இருபதையும் கெடுத்துச்சு," என்று முடித்துவிட்டு, முடிவுக் காகிதத்தைப் பிர்கிட்டிடம் நீட்டினாள்.

பிர்கிட் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். சுத்தமான இருபதின் அளவு நோயாளிகளுடையதில் பாதிகூட இல்லை. இருபது கொஞ்சம்தான், ஆனால் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது, அதை எழுது என்றார். பிறகு எஸ்கிலின் பக்கம் திரும்பி, பையைக் கீழே வைக்கச் சொன்னார். அந்தக் கேக் எதற்கு என்றும் கேட்டார்.

எஸ்கிலின் காது மடல் சிவந்தது.

"நானும் சொதப்பினேன். ஜாக்கெட்டைப் போட்டு மூடினப்ப, ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கணும். வேணும்னே எழுதல." தில்டேயைப் பார்த்தான். "சீட்டு இருந்தா படிச்சுட்டுப் போயிடுவ. இல்லன்னா... ஜாக்கெட்டைத் திருப்பிக் குடுக்கவாவது என்கிட்ட வருவேன்னு நினைச்சேன். வாசல்ல இடிச்ச நாள்லேருந்து, நீ ஒரு தடவை சண்டை இல்லாம என்கிட்ட பேசணும்னு ஆசை."

மேசையில் எல்லோருக்கும் திடீரென்று கேக் வெட்டுவதில் அபார அக்கறை வந்துவிட்டது.

தில்டே விறுவிறுவென்று வெளியே போனாள். எஸ்கிலின் முகம் வாடியது. நடைபாதையில் தொலைந்த பொருட்கள் பெட்டியின் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்தபோது கையில் நீல ஜாக்கெட்.

"இந்தா," என்றாள். "பதினோரு நாள் லேட்."

அவன் வாங்கக் கை நீட்டினான். அவள் விடவில்லை.

"அன்னைக்கு உன் கண்ணைப் பாத்தப்பவே பிடிச்சுப்போச்சு எஸ்கில்... அதுக்குப் பயந்துதான் இவ்வளவு சந்தேகப்பட்டேன்."