உதட்டில் ஒரு சொல்

கைடு எதையோ சொல்ல, கூட்டம் மொத்தமும் சிரித்தது. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் பார்த்தவரை, கைடின் உதடுகள் சொன்னது 'திரும்பிப் போயிடுங்க' என்பதைத்தான்.

ஒரு காய்ச்சல் அவள் காதுகளை வாரிக்கொண்டு போனதிலிருந்து, அவளுக்கு மனிதர்கள் என்றால் உதடுகள்தான். டிக்கெட் கவுன்டரில் ஆளுக்கொரு இயர்போன் கொடுத்திருந்தார்கள். கைடு காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தபடி பேசுவார். எல்லார் காதிலும் விழும். அவர் காதிலும்கூட ஒன்று இருந்தது. அவள் மட்டும் வேண்டாமென்று விட்டாள். அவளுக்குத்தான் தங்கை இருக்கிறாளே. எங்கே போனாலும் முகத்தைத் திருப்பி, வார்த்தை விடாமல் வாயசைத்துச் சொல்லிவிடுவாள்.

என்ன சொன்னார் என்று கேட்டாள். அந்தக் காலத்தில் இங்கே புகை எவ்வளவு அடர்த்தியென்றால், வேலை முடிந்து போன ஒருத்தன் வீடு தெரியாமல் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டானாம்; அதற்குத்தான் சிரிப்பு என்றாள் தங்கை. கைடின் உதட்டில் தான் படித்ததை அவள் சொன்னபோது தங்கை இடுப்பில் கை வைத்தாள்.

"ஆரம்பிச்சிட்டியா? மேனேஜர் 'மாலை வாங்க'ன்னு சொன்னதுக்கு, பால் பாக்கெட்டோட போய் நின்னவதானே நீ?"

மறுக்க முடியாது. உதட்டில் 'மா'வும் 'பா'வும் ஒன்றுதான். இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரி மூடித் திறக்கும். தங்கையின் பின்னால் நடந்தாள்.

அந்தி வெளிச்சம் கூரைகளிலிருந்து வழிந்து போய்க்கொண்டிருந்தது. பீங்கான் தட்டும் கோப்பையும் செய்து கப்பல் கப்பலாக அனுப்பிய அந்தப் பழைய தொழிற்சாலைத் தெருவில், இரண்டு பக்கமும் வயிறு பெருத்த புட்டிகள் போல சூளைகள் நின்றன. அவற்றின் நிழல்கள் கல் பாவிய தரையில் நீண்டு, முன்னால் போகிறவர்களின் முதுகில் ஏறி, தோளைத் தாண்டி, அவர்களுக்கு முன்னே போய்க் காத்திருந்தன. ஈரச் சுவரின் பூஞ்சை வாடை. அதற்கு அடியில் பழைய கரியின் கசப்பு. சூளைகள் அணைந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டதாம் என்று தங்கை திருப்பிச் சொன்ன அதே நேரத்தில், அவள் மூக்கில் சூடான சாம்பல் நெடி ஏறியது.

கைடு திரும்பினார். இந்த முறை அவளை மட்டும் பார்த்தார். தன் உதட்டை இவள் படிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண் சிவந்திருந்தது.

'பூட்டப் போறாங்க. கூட்டிட்டு ஓடிடுங்க.'

திரும்பிப் பார்த்தாள். தெருமுனை கேட் விரியத் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஆளே இல்லை. எதைப் பூட்டப் போகிறார்கள்?

தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, கிளம்பலாம் வா என்று இழுத்தாள். இன்னும் ஒரே ஒரு சூளைதான், உள்ளேயே போய்ப் பார்க்கலாமாம் என்றாள் தங்கை. இதமான பாட்டு கேட்கிற முகம் அவளுக்கு. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு கூட்டத்தோடு உள்ளே போனாள். அவளை விட்டுவிட்டு எங்கே போவது? இவளும் நுழைந்தாள்.

உள்ளே வட்டச் சுவர். பழைய நெருப்பு உருக்கிப் பூசிய கறுப்புப் பளபளப்பு. உச்சியில் ஒரு கையகல வானம். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு வாசல். எல்லோரும் வட்டமாக நின்று, அண்ணாந்து, புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். கைடு மட்டும் உள்ளே வரவில்லை.

செருப்புக்கு அடியில் தரை சுட்டது. சுவரின் அடியில் இருந்த பொந்துகளில் சிவப்பு.

பூட்டு இல்லை.

மூட்டு. தீ மூட்டப் போகிறார்கள்.

கத்தினாள். தொண்டை கிழிந்தது. ஒருவரும் திரும்பவில்லை. தங்கையின் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி எறிந்தாள். தூக்கத்தில் தண்ணீர் பட்டவள் போலத் தங்கை விழித்தாள். உதடுகள் அசைந்தன.

"அக்கா... யாருமே பேசலையே. யாரோ கல்லு அடுக்குற சத்தம்தான் கேக்குது."

வாசலில் செங்கல் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. அடுக்குவது கைடு. கைகள் நிதானமாக மண் பூசின, உதடுகள் மன்றாடின. 'ஓடுங்க. ஓடுங்க.' கன்னத்தில் கண்ணீர்.

எட்டி உதைத்தாள். சுவர் அசையவில்லை. தங்கையை அள்ளித் தூக்கினாள். முட்டியால் முட்டுக்கொடுத்தாள். தோளால் நெம்பித் தள்ளினாள். தங்கை அந்தப் பக்கம் விழுந்தாள்.

வெளியே. தங்கை வெளியே. போன உயிர் வந்தது.

இவளைத் தூக்கிவிட ஆள் இல்லை. தாவினாள். பளபளப்புச் சுவரில் கால் வழுக்கியது. மறுபடி தாவினாள். அதற்குள் இரண்டு வரிசை ஏறிவிட்டது. இன்னொன்று. கடைசியில் ஒரு செங்கல் அளவு ஓட்டை.

அதில் தங்கையின் முகம்.

"கையக் குடுக்கா. நான் விடமாட்டேன். கையக் குடு."

கொடுத்தாள். தங்கை பிடித்தாள். இழுத்தாள். முழங்கை உரிந்தது. முதுகில் அனல். தங்கையின் தோளுக்குப் பின்னால் கைடின் உதடுகள்: 'மன்னிச்சிடும்மா.' அவர் கை மட்டும் தானாக நீண்டது. அவர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி, தங்கையின் காதில் பதமாக வைத்தது.

அழுதுகொண்டிருந்த தங்கையின் வாய் பாதியில் நின்றது. முகம் தெளிந்தது. பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக.

"அடியே. என்னைப் பாருடி."

தங்கை பார்த்தாள். சுவரைப் பார்ப்பது போல. அக்காவின் கையை அலுங்காமல் உள்ளே தள்ளினாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். கடைசிச் செங்கல் ஓட்டையில் வந்து உட்கார்ந்தது.

ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் மிச்சம் இருந்தது. அதில் தங்கையின் விரல் நுனி. ஈர மண்ணைத் தொட்டுத் தொட்டு, பொறுமையாக, ஒரு பிசிறு இல்லாமல், அந்தக் கீற்றை மெழுகிக்கொண்டே வந்தது.